காவல் நாயும் ஊர்ப் பொறுப்பும்

(தண்டலத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாயைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஏரி மதகு, களத்து மேடு, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஆகியவற்றைப் பேசி முடிக்கவே நமக்கு நேரம் போதுவதில்லை. இருந்தாலும் இந்த விஷயத்தை இன்று எடுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு தலைமுறைக் காலத்திற்குள் இந்தப் பகுதியின் முகமே மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. நெல் விளைந்த நிலங்களில் கிடங்குகள் நிற்கின்றன. மனைகளாகப் பிரித்த நிலங்களைச் சுற்றிக் கம்பிவேலி ஓடுகிறது. சரக்கு இருக்கும் இடத்தில் காவல் வேண்டும். காவல் என்றவுடன் நாயின் நினைவு வருகிறது. முன்பு நம் தெருவில் படுத்திருந்த நாய்க்கு ஊரில் எல்லோரையும் தெரியும். இப்போது மதிற்சுவருக்குப் பின்னால் இருக்கும் நாய்க்கு ஊரில் ஒருவரையும் தெரியாது. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களும், மாலையில் ஆடு ஓட்டி வருகிறவர்களும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் அந்தச் சுவரை ஒட்டித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

தெருநாய்களைப் பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. அது தனிப் பிரச்சினை. அதற்குச் சட்டமும் வேறு, செய்ய வேண்டிய வேலையும் வேறு. உரிமையாளர் உள்ள நாயைப் பற்றி, அதிலும் ராட்வீலர், பிட்புல் போன்ற வலிய அயல்நாட்டு இனங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சென்னையில் நடந்தது

2024ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள ஒரு மாநகராட்சிப் பூங்காவில் 2 ராட்வீலர் நாய்கள் 5 வயதுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறின. தலையில் பலத்த காயம். அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அந்தக் குழந்தை யார் என்று கேட்டால் உங்களுக்கு விஷயம் விளங்கும். பூங்காக் காவலாளியின் மகள். பூங்காவிற்குள்ளேயே அந்தக் குடும்பம் குடியிருந்தது. நம் பகுதியில் கிடங்குகளிலும் மனைகளிலும் அதேபோலக் காவலுக்கு இருந்துகொண்டு அங்கேயே பிள்ளை குட்டிகளுடன் வாழும் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நாய்களுக்குப் பொறுப்பானவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, 2025 ஆகஸ்டில், சென்னை ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் பிட்புல் நாய் கடித்து உயிரிழந்தார்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் முன்னும் பின்னும் அரசாங்கங்கள் என்ன செய்தன என்பதைச் சற்று வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால், "23 இனத்தையும் தடை செய்து விட்டார்களாமே" என்று ஒருவரும், "கோர்ட்டு தடையை நீக்கி விட்டதாமே" என்று மற்றொருவரும் டீக்கடையில் சொல்வதைக் கேட்கிறோம். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

2024 மார்ச் 12ஆம் தேதி மத்திய அரசின் கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வீலர், தோசா இனு, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலீரோ, கேன் கோர்சோ, கங்கல், அகிதா, மாஸ்டிஃப் முதலிய 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவும், பெருக்கவும், விற்கவும் அனுமதி வழங்க வேண்டாம் என்பதும், ஏற்கெனவே வளர்க்கப்படுபவற்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்பதும் அதன் சாரம். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் முடிவெடுத்தது தவறு என்பது முக்கியமான காரணம். வேறு நீதிமன்றங்களிலும் வழக்குகள் இருந்தன. பிறகு மத்திய அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்டு அறிவிப்பு வெளியிட்டது. ஆயிரம் விளக்கு நிகழ்ச்சிக்குப் பின் நம் மாநிலக் கால்நடைத் துறையும் அதே 23 இனங்களுக்குத் தடை என்று ஒரு சுற்றறிக்கை விட்டு, நீதிமன்ற நிலைமையை முன்னிட்டு உடனே அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டது.

சென்னை மாநகராட்சி தன் எல்லைக்குள் வேறு வழியில் சென்றது. வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் இனிப் புதிய உரிமம் இல்லை, மீறிப் புதிதாக வாங்கினால் 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று முடிவு செய்தது. முன்பே உரிமம் பெற்றவர்கள் வெளியே அழைத்துப் போகும்போது கழுத்துப்பட்டையும் கயிறும் வாய்மூடியும் போட வேண்டும்.

இங்கே ஒரு கவலை பிறக்கிறது. தண்டலம் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் இல்லை. நகரத்தில் வைத்துக்கொள்ள முடியாத நாயை என்ன செய்வார்கள்? சிலர் முறையாக உரிமம் பெற்று வைத்துக் கொள்வார்கள். வேறு சிலர், "புறநகரில் நமக்கு ஒரு மனை இருக்கிறதே, அங்கே காவலாளியிடம் விட்டு விடுவோம்" என்று எண்ணுவார்கள். இன்னும் சிலர் இரவோடு இரவாக நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகவும் துணிவார்கள். ஏரிக்கரையில் பசியோடு திரியும் ஒரு ராட்வீலர், ஆட்டுக் கிடை போட்டிருக்கிறவருக்கு எத்தகைய ஆபத்து என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நகரத்து விதியின் நிழல் நம் ஊரின்மேல் விழுகிறது. அதற்கு நாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

இங்கே செல்லும் சட்டம் எது?

நகரத்து அபராதம் இங்கே இல்லை என்பதனால் சட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியா முழுவதற்கும் பொதுவான சட்டங்கள் தண்டலத்திற்கும் உண்டு.

முதலாவது, பாரதிய நியாய சன்ஹிதா. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் 291ஆவது பிரிவை ஒவ்வொரு நாய் உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டும். தன் வசத்தில் உள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருக்கும்போது, அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ அசட்டையாகவோ செய்யாமல் விட்டவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நாய் எந்த இனம் என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. நாட்டு நாயானாலும் சரி, முட்டித் தள்ளும் மாடானாலும் சரி, விதி ஒன்றுதான். அசட்டையால் கொடுங்காயம் ஏற்பட்டால் 125ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரையும், உயிரே போனால் 106ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரையும் சிறைக்கு இடமுண்டு.

"தன் வசத்தில் உள்ள" என்ற சொற்களைக் கவனியுங்கள். சட்டம் "சொந்தக்காரர்" என்று சொல்லவில்லை. நாயை விலைக்கு வாங்கியவர் சென்னையில் இருக்கலாம். கயிற்றைப் பிடித்துக் கொண்டிருப்பவர் இவ்வூரைச் சேர்ந்த காவலாளி. நாளைக்கு ஏதேனும் நேர்ந்தால் முதலில் காவல் நிலையத்தில் நிற்கப் போகிறவர் யார் என்று யோசியுங்கள். மாதச் சம்பளத்திற்கு வேலை பார்க்கும் ஓர் ஏழை, தாம் கேட்டு வாங்காத நாய்க்காக வழக்கில் சிக்குவது நியாயமன்று. ஆகையால், காவல் வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாயைப் பார்த்துக் கொள்ளும்படி முதலாளி சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். நாயின் தடுப்பூசிச் சீட்டு, கூண்டு, கயிறு, வாய்மூடி ஆகியவற்றை அவர் வாங்கித் தரட்டும். பழக்கப்படுத்தாத நாயைக் கையில் ஏற்றுக்கொள்ள மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாயிற்கதவில் "நாய் ஜாக்கிரதை" என்று பலகை மாட்டிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. பலகை ஓர் எச்சரிக்கையே தவிர, ஏற்பாடு ஆகாது. அதிலும் இப்பகுதியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நம் சிறு குழந்தைகளுக்கும் தெரியாது. பலகை வைப்பதானால் நாயின் படத்தோடு வையுங்கள்.

இரண்டாவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடையோ ஓட்டமோ இல்லாமல் செய்வது, பட்டினியில் வாடும்படி கைவிடுவது, நாயை நாயோடு சண்டைக்கு ஏவுவது ஆகிய யாவும் இச்சட்டப்படி குற்றம். மூன்றாவது, 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். குட்டி போட வைத்து விற்பவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதிவில்லாதவரிடம் கைபேசியில் படம் பார்த்துக் குட்டி வாங்குபவர், அதன் தாயையும் பார்ப்பதில்லை, அதன் குணத்தையும் அறிவதில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நாம் மாடு வாங்குவதுண்டா?

2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவை உரிமையாளரின் கடமை. இதுவரை சொன்ன சட்டநிலை மாறக்கூடியது. குறிப்பாக இனங்களைப் பற்றிய தடை. ஆகவே குட்டி வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் இன்றைய நிலையைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

இனமா, வளர்ப்பா?

இனத்தைத் தடை செய்வதால் பயன் உண்டா என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டிலேயே 4 இனங்களுக்குத் தடைச் சட்டம் வந்தது. 2023 முடிவில் எக்ஸ்எல் புல்லி என்ற ஐந்தாவது வகையையும் சேர்க்க நேர்ந்தது. பட்டியல் நீளுகிறது, விவாதமும் நீளுகிறது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் வழி சற்று வேறு. அங்கே ஆபத்தான இனத்தை ஏற்கெனவே வைத்திருப்பவர் கருத்தடை செய்து, அடையாளச் சில்லு பொருத்தி, நாய்க்குக் கீழ்ப்படிதல் பயிற்சி அளித்து, பிறருக்கு நேரும் கேட்டிற்காக 1 லட்சம் வெள்ளிக்குக் குறையாமல் காப்பீடும் எடுத்தாக வேண்டும். என் அபிப்பிராயத்தில் இந்த வழியே நமக்கு அதிகம் கற்றுக் கொடுக்கக் கூடியது. கலப்பினக் குட்டியைப் பார்த்து இது எந்த இனம் என்று அறுதியிட்டுச் சொல்வது மருத்துவருக்கே கடினம். ஆனால் கயிறு இருக்கிறதா, பயிற்சி இருக்கிறதா என்பதை யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஆனாலும் இனம் என்பது ஒன்றுமே இல்லை என்று வாதிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். பிட்புல்லின் முன்னோர், இங்கிலாந்தில் கட்டி வைத்த காளையைக் கவ்விப் பிடித்து விடாமல் தொங்குவதற்கென்றே பெருக்கப்பட்டவை. அந்தக் கொடிய விளையாட்டை 1835இல் அந்த நாடே தடை செய்தது. தோசா ஜப்பானில் நாய்ச் சண்டைக்கு உருவானது. ராட்வீலர் ஜெர்மனியின் ராட்வைல் நகரில் மாடு ஓட்டவும், கசாப்புக்காரர் வண்டி இழுக்கவும் பயன்பட்டது. உடல்வலிமை மிகுந்தது, உழைப்பை எதிர்பார்ப்பது. பட்டியலில் உள்ள கங்கல் துருக்கி நாட்டு மந்தைக் காவல் நாய். அதைக் கேள்விப்பட்டு நம் ஆட்டுக்காரர் யாரேனும் ஆசைப்பட வேண்டாம். பரந்த மேய்ச்சல் நிலத்தில் திரிந்து வாழ்ந்த நாய் அது. நம் மனைகளுக்கு நடுவே அதற்கு என்ன வேலை? எல்லா நாயும் கடிக்கும். ஆனால் 45 கிலோ எடையுள்ள நாய் கடிப்பதும் 12 கிலோ நாய் கடிப்பதும் ஒன்றல்ல. வண்டிமாட்டை ஓட்டுவதும் லாரி ஓட்டுவதும் போல; பெரிய வண்டிக்குத் தேர்ந்த ஓட்டுநர் தேவை.

பழக்கும் முறை

காளைக்கன்றை நுகத்தில் பழக்கத் தெரிந்தவர்களுக்கு நாய் பழக்குவதைச் சொல்லிக் கொடுப்பது எளிது. முதல் நாளே யாரும் கன்றின்மேல் நுகத்தைத் தூக்கிப் போடுவதில்லை. கையால் தடவி, பெயர் சொல்லி அழைத்து, பழகிய மாட்டுடன் இணைத்து, வெறும் கட்டையை இழுக்க விட்டு, பிறகுதான் ஏருக்குக் கொண்டு வருகிறோம். மிரண்டால் அடிப்பவனை விட, மிரளும் காரணத்தைப் பார்ப்பவனே நல்ல உழவன்.

நாய்க்குட்டியின் மனம் உருவாகும் காலம் மிகக் குறுகியது. ஏறத்தாழ 3ஆவது வாரத்திலிருந்து 14ஆவது வாரம் வரை அது எதை எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அவற்றையெல்லாம் உலகத்தில் இயல்பானவை என்று ஏற்றுக் கொள்கிறது. குழந்தை, கிழவர், தலைக்கவசம் போட்டவர், முக்காடிட்டவர், சைக்கிள், ஆடு, கோழி, லாரியின் ஒலி எல்லாவற்றையும் அந்த நாட்களில் அன்போடு, பயமில்லாமல் காட்ட வேண்டும். அந்தப் பருவத்தில் இருட்டறையில் தனியே போட்டு வளர்த்த குட்டிக்குப் பிற்காலத்தில் ஒவ்வொரு புதியவரும் எதிரியாகத் தோன்றுகிறார். "யாரையும் அண்ட விடாமல் வளர்த்தால்தான் நல்ல காவல் நாயாகும்" என்பது நாட்டில் பரவியிருக்கும் மிகக் கேடான எண்ணம். அப்படி வளர்ந்தது காவல் நாய் அன்று, பயந்த நாய். திருடனுக்கும் தபால்காரருக்கும் வேறுபாடு அறியாதது. பச்சை இறைச்சி போட்டால் வீரம் வரும், மிளகாய் கொடுத்தால் ரோஷம் வரும் என்பனவும் வீண் பேச்சு, வயிற்றுவலிதான் வரும்.

கற்பிக்க வேண்டிய சொற்கள் அதிகம் இல்லை. வா, உட்கார், இரு, விடு. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் "வா" என்றும், மற்றொருவர் ஆங்கிலத்திலும், பிள்ளைகள் சீட்டியடித்தும் கூப்பிட்டால் நாய் யாருக்கும் கீழ்ப்படியாது. ஒரு வேளைக்கு 5 நிமிடம் போதும்; நாளைக்கு 3 வேளை. சொன்னதைச் செய்தவுடன் ஒரு சிறு துண்டு தீனி, ஒரு நல்ல வார்த்தை. செய்யாவிட்டால் அடி வேண்டாம். தீனி இல்லை, அவ்வளவே. "விடு" என்ற சொல்லைக் கட்டாயம் பழக்குங்கள். வாயில் உள்ளதை விட்டால் அதைவிட நல்ல பொருள் கிடைக்கும் என்று கற்ற நாய், ஆபத்து வேளையில் கவ்வியதை விடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. நாயைக் கடிக்க ஏவிப் பழக்குவது போலீஸ் துறையில் தேர்ந்தவர்கள் செய்யும் வேலை. வீட்டிலும் கிடங்கிலும் அதை ஒருவரும் செய்யக் கூடாது. காவலுக்குக் குரைப்பு ஒன்றே போதும்.

வாய்மூடி என்றதும் கொடுமை என்று நினைக்காதீர்கள். போரடிக்கும் மாட்டுக்கு நாம் வாய்க்கூடு போடவில்லையா? துணியால் இறுகக் கட்டுவது தவறு. நாய்க்கு வியர்வை நம்மைப் போல் இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக் கொள்கிறது. வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை போன்ற வாய்மூடியே வேண்டும். முதலில் அதற்குள் தீனியை வைத்து, தானாக மூக்கை நுழைக்கச் செய்யுங்கள். ஒரு வாரம் வரை வாரைக் கட்டாதீர்கள். பிறகு ஒரு நிமிடம், 5 நிமிடம் என்று நீட்டிக் கொண்டு போனால், செருப்புப் போட்டுக் கொள்வதைப் போல் அது ஏற்றுக் கொள்ளும்.

சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகையின் கீழ், 4 அடிச் சங்கிலியில், காய்ந்த தண்ணீர்த் தொட்டியோடு நாள் முழுதும் கட்டுண்டு கிடக்கும் நாய் எந்த இனமானாலும் வெறி பிடித்ததைப் போலத்தான் ஆகும். ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது என்ற நிலையில் அதற்கு மிஞ்சுவது பல் ஒன்றே. அப்படி ஒரு நாளில் கொக்கி கழன்று விட்டால்? கூண்டும் நிழலும், ஆள் உயரத்திற்குக் குறையாத வேலியும், தானே மூடிக் கொள்ளும் கதவும், காலையும் மாலையும் நடையும் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட நாய் வேண்டவே வேண்டாம். அதற்கான செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால், நல்ல பூட்டும் விளக்கும் ஓர் ஆள் சம்பளமும் மேல் என்று பல முதலாளிகளுக்குத் தோன்றும்.

கருத்தடை செய்த ஆண் நாய் துணை தேடி வேலி தாண்டுவது குறையும். அதனால் முரட்டுத்தனம் முழுவதும் நீங்கிவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்; பயிற்சிக்கு அது ஈடாகாது.

எதிரே நாய் வந்தால்

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். உடல் விறைத்து, வாலை உயர்த்தி, இமைக்காமல் பார்க்கும் நாய் குரைக்கும் நாயை விட ஆபத்தானது. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கண்ணோடு கண் பார்க்கக் கூடாது. மரம் போல் அசையாமல் நின்று, பிறகு மெல்லப் பின்வாங்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். கையில் பையோ குடையோ இருந்தால் அதை நாய்க்கும் உடலுக்கும் நடுவே பிடிக்க வேண்டும்.

கடித்துவிட்டால், எந்த நாயானாலும், தடுப்பூசி போட்ட நாயென்று உரிமையாளர் சத்தியம் செய்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் ஒன்றும் வைக்கக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். ரத்தம் வரக் கடித்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை, கேட்டுப் பெறுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயத்தை விட்டுவிடுங்கள். நம் மாநிலத்தில் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. அன்றிலிருந்து மருந்து எவ்வளவோ முன்னேறி, இன்று கையில் போடும் சில ஊசிகளாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த தேதிகளில் ஒன்றைக்கூடத் தவற விடக் கூடாது. ரேபிஸ் நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்றுவது அநேகமாக இயலாத காரியம்.

ஊராட்சி செய்யக் கூடியது

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குச் சில வார்த்தைகள். இன்றுள்ள வளர்ப்பு நாய்களைப் பற்றி ஒரு பதிவேடு நம்மிடம் இருக்க வேண்டும். வார்டு உறுப்பினர் தம் வார்டில் உள்ள கிடங்குகளையும் வேலியிட்ட மனைகளையும் ஒருமுறை சுற்றி வந்தால் பாதி வேலை முடிந்துவிடும். நாய் யாருடையது, யார் வசத்தில் இருக்கிறது, கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டது, வேலி எப்படி. இந்த 4 செய்திகள் போதும். நிலச் சொந்தக்காரர் வெளியூர்க்காரரானால் அவருடைய முகவரியையும் குறித்துக் கொள்ளுங்கள். ஊராட்சி அளவில் நாய்களுக்கு உரிமம் வழங்குவது பற்றிய விதிகளை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டு, கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. ஒரு கூட்டத்தில் இதற்கு அரைமணி ஒதுக்கினால் போதும்.

செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாள். அதையொட்டிக் கால்நடை மருந்தகங்களில் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி, பின்பு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதன் பிறகு ஆண்டுதோறும் ஒன்று. நாய்க்கு உடல்நலம் இல்லையென்றால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை அழைக்கலாம். கைவிடப்பட்ட பெரிய நாய் ஊருக்குள் திரிந்தால், இளைஞர்கள் தடியெடுத்துக் கொண்டு கிளம்ப வேண்டாம். விஷம் வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவுப்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்த விஷத்தை நம் கோழியும் கன்றும் தின்னும். காவல் நிலையத்திற்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் கொடுங்கள். வண்டி எண் தெரிந்தால் அதையும் கொடுங்கள்.

காவல் நாய் அவசியந்தான் என்று நினைக்கும் விவசாயிக்கு நம் நாட்டு இனங்களைச் சிபாரிசு செய்வேன். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை நம் வெயிலுக்குப் பழகியவை. 2005ஆம் ஆண்டில் ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. அதைவிடப் பழைய மரியாதை ஒன்றும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு கவர வந்தவர்களை எதிர்த்து இறந்த வீரனோடு அவனுடைய நாயின் உருவமும், கோவிவன் என்ற அதன் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாட்டு நாய் என்பதனால் பயிற்சியும் கயிறும் வேண்டாம் என்று மட்டும் பொருளல்ல. ராஜபாளையமும் கோம்பையும் காவலில் கண்டிப்பானவை. மேலே சொன்னவை யாவும் அவற்றுக்கும் பொருந்தும்.

பேசத் தொடங்கும் முன் ஒரு விவசாயி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். உறவினர் கொடுத்த ராட்வீலர் குட்டி இப்போது ஒன்றரை வயதாகி, அவரைத் தவிர யாருக்கும் அடங்கவில்லையாம். என்ன செய்வது என்றார். முதலில் அதை அவிழ்த்து விட்டோ, வேறு ஊரில் இறக்கி விட்டோ வராதீர்கள். இன்றே வாய்மூடிக்கு ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், நாய் இருக்கும் பக்கம் குழந்தை போகாதபடி நடுவே ஒரு வேலி வேண்டும். ஒரு நிமிடமும் இருவரையும் தனியே விடக் கூடாது. இந்த வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலி, மூட்டுவலி போன்ற நோவினாலும் நாய் முரடாகும். கருத்தடையும் தடுப்பூசியும் அங்கேயே முடியட்டும். உட்கார், விடு என்ற இரண்டு சொற்களிலிருந்து தொடங்குங்கள். உங்கள் மனைவியும் மூத்த மகனும் உங்களோடு சேர்ந்து தீனி போட்டுப் பழக்கட்டும். 3 மாதத்தில் மாற்றம் தெரியும். தெரியாவிட்டால், வைத்துக்கொள்ளத் தகுந்த வேறு ஒருவரிடம் எழுத்து மூலமாக ஒப்படைப்பதா, மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தை நாடுவதா என்பதை மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம். கூட்டம் முடிந்தபின் அவர் சற்று இருந்தால், வாய்மூடிக்கு நாயின் முகத்தை எப்படி அளவெடுப்பது என்று காட்டுகிறேன்.